விருந்தாளி கொடுக்கும் சம்பளம்

அமெரிக்காவில், மேசைக்கு வந்து பரிமாறும் உணவகம் ஒன்றில் உண்டு முடித்துப் பில்லுக்குக் கார்டைக் கொடுத்தால், கார்டோடு திரும்பி வரும் சிறு காகிதத்தில் மொத்தத் தொகைக்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு இருக்கும். அதன்மேல் என்ன தொகை எழுதுவது என்று, புதிதாகப் போன நம்மவர் பேனாவும் கையுமாகத் தயங்கிக்கொண்டிருக்க, அங்கேயே பிறந்து வளர்ந்தவர் நூற்றுக்கு 18, 20, மனம் குளிர்ந்தால் 25 என்று மனக்கணக்குப் போட்டு எழுதிவிட்டு எழுந்து போய்விடுவார். தயங்கினவரும் தயங்காதவரும் ஒன்றுபோல் எண்ணிக்கொள்வது, தாம் தந்தது இனாம் என்பதே. அதில் ஒரு பகுதி, அந்தச் சிப்பந்திக்கு முதலாளி தம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டிய சம்பளம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அந்நாட்டு மத்திய அரசின் சட்டப்படி ஒரு மணி நேர உழைப்புக்குக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், 2009ஆம் ஆண்டு ஜூலைக்குப் பிறகு அது ஒரு சென்ட்கூட உயரவில்லை. ஆனால், வழக்கமாக மாதத்தில் 30 டாலருக்கு மேல் டிப்ஸ் கிடைக்கிற வேலையில் இருப்பவருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதி 5.12 டாலரை வாடிக்கையாளர் வைத்துவிட்டுப் போன பணத்திலிருந்து, தாமே கொடுத்ததாகக் கணக்குக் காட்டிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. நம் ஊர் ஹோட்டலில் சோம்புத் தட்டில் நாம் போட்டுவிட்டு வரும் பத்து ரூபாயைச் சாக்காக வைத்து, சர்வரின் குறைந்தபட்சக் கூலியில் பத்து ரூபாயைக் குறைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. அங்கே அந்த உரிமை அரைநூற்றாண்டுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருந்து வருகிறது.

டெக்ஸாஸ், ஜார்ஜியா, டென்னஸி முதலாக ஒரு டஜனுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இந்த 2.13 டாலரே இன்றும் நடைமுறை. நெடுஞ்சாலையோரத்துச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் வாரத்துக்கு 30 மணி நேரம் பரிமாறும் பெண்மணிக்கு முதலாளி தர வேண்டியது 63.90 டாலர். டிப்ஸும் வருமானமே ஆகையால், அதன்மீது விதிக்கப்படும் சமூகப் பாதுகாப்பு வரி முதலிய பிடித்தங்கள் யாவும் இந்த 63.90 டாலரிலிருந்தே கழிக்கப்படுகின்றன. கழித்தது போக எஞ்சுவது சில டாலர், சில வாரங்களில் அதுவும் இல்லை. உழைத்த மணி இவ்வளவு, ஈட்டிய டிப்ஸ் இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு என்று வரிசை பிசகாமல் அச்சிட்ட சம்பளச் சீட்டு கடைசி வரியில் பூஜ்யத்தைக் காட்டும். செக் இருக்க வேண்டிய இடத்தில், இது செக் அல்ல என்ற வாசகம் குறுக்கே ஓடும். வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் பாலுக்கும் அவள் நம்பியிருப்பது, மேசை மேசையாகச் சேகரித்து மேலங்கிப் பையில் திணித்துக்கொண்ட நோட்டுகளை.

மேசையில் ஆள் இருக்கும்போதுதானே நோட்டு வரும்? கடை திறப்பதற்கு முன்பும் விளக்கணைத்த பின்பும், கத்தியையும் முள்கரண்டியையும் காகிதத் துணியில் சுருட்டிச் சுருட்டி அடுக்குவதும், பாதி தீர்ந்த கெச்சப் புட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து நிரப்புவதும், உப்புக் குப்பி மிளகுக் குப்பிகளின் பிசுக்கைத் துடைப்பதும் அவளுடைய வேலைதான். அந்த நேரத்துக்கும் மணிக் கூலி அதே 2.13. இத்தகைய கைவேலை, பணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுமானால் தாண்டிய நேரத்துக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும் என்று தொழிலாளர் இலாகா வகுத்திருந்த விதியை, உணவக முதலாளிகள் தொடுத்த வழக்கில், ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ரத்து செய்துவிட்டது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று ஆராய்ந்தால், கதை உணவகத்தில் தொடங்கவில்லை, ரயிலில் தொடங்குகிறது என்றே சொல்லலாம். ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளில் விருந்தாளிகள் வேலைக்காரருக்கு நாணயம் கொடுத்த சம்பிரதாயத்தை, அங்கே சுற்றுலாப் போன பணக்கார அமெரிக்கர்கள் உள்நாட்டுப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தங்கள் நாகரிகத்துக்குச் சான்றாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதே காலத்தில்தான், விடுதலை பெற்றும் நிலமோ முதலோ இல்லாத கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் பிழைப்புத் தேடி அலைந்தார்கள். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட சாமர்த்தியசாலிகளில் முதன்மையானவர் ஜார்ஜ் புல்மன். தம்முடைய படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் பணி செய்ய அவர் கறுப்பினத்தவரையே தேடிப் பிடித்து அமர்த்தினார். படுக்கை விரிப்பதும் பயணிகளின் பூட்ஸுக்கு மெருகேற்றுவதுமாக இரவெல்லாம் விழித்திருந்த அவர்களுக்குச் சொற்பச் சம்பளம் கொடுத்து, மிச்சத்தைப் பயணிகளின் தயவுக்கு விட்டுவிட்டார். எஜமானன் பெயராலேயே அடிமையை அழைத்த பழைய பழக்கம் மாறாமல், பயணிகள் அவர்கள் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். புல்மன் இறந்த பின் அந்தக் கம்பெனியின் தலைமைப் பதவியில் பல ஆண்டுகள் வீற்றிருந்தவர் ராபர்ட் டாட் லிங்கன். அடிமைகளுக்கு விடுதலைப் பிரகடனம் செய்த ஆபிரகாம் லிங்கனின் சொந்த மகன். சரித்திரம் சில சமயம் நாவலாசிரியர்கள்கூட எழுதத் துணியாததை எழுதிவிடுகிறது. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் அந்தச் சிப்பந்திகளைச் சங்கமாகத் திரட்டி, பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1937இல் கம்பெனியைக் கையெழுத்திட வைத்தார். ரயிலில் வேலை செய்தவர்களுக்கு ஓரளவு ஸ்திரமான சம்பளம் வந்தது. உணவகத்தில் வேலை செய்தவர்களுக்கு அப்படி ஒரு ராண்டால்ஃப் கிடைக்கவில்லை.

இனாம் கொடுப்பது குடியரசு நாட்டுக்குத் தகாத பழக்கம் என்று அங்கேயே ஒரு காலத்தில் பலமாக வாதாடினார்கள் என்பதும் இன்று மறந்துபோன செய்தி. வாஷிங்டன் மாநிலம் 1909இல் டிப்ஸைத் தடை செய்தது. மிஸிஸிப்பி, ஆர்கன்ஸா, அயோவா, தென் கரோலினா, டென்னஸி ஆகியவையும் பின்தொடர்ந்தன. கொடுப்பவன் கையையும் வாங்குபவன் கையையும் கட்டிப்போடச் சட்டத்தால் முடியவில்லை. 1926க்குள் அத்தனை தடைகளும் எடுபட்டுப் போயின.

ரூஸ்வெல்ட் காலத்தில், 1938இல், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தபோது உணவகத் தொழிலாளர் அதில் சேர்க்கப்படவே இல்லை. 1966இல் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால், கூலியில் பாதி வரை டிப்ஸைக் கொண்டு ஈடுசெய்துகொள்ளலாம் என்ற சலுகையையும் முதலாளிகளுக்குக் கூடவே கொடுத்துவிட்டார்கள். முழுக் கூலி உயர்ந்தால் பாதியும் உயருமல்லவா, அதனால் அப்போது அது அவ்வளவு உறுத்தவில்லை. 1980களில் முதலாளி கொடுக்க வேண்டிய பங்கு 60 சதவீதமாகக்கூட இருந்தது. 1991இல் கூலி 4.25 டாலர் ஆயிற்று, பங்கு மறுபடியும் பாதியாயிற்று, 4.25இல் பாதி 2.13. பின்பு 1996இல் கூலியை உயர்த்தும் மசோதா வந்த சமயத்தில், தேசிய உணவகச் சங்கத்தார் வாதாடிப் பெற்ற பலன் யாதெனில், இவ்விரண்டையும் பிணைத்திருந்த கயிறு அறுக்கப்பட்டதுதான். அன்று முதல் முழுக் கூலி 4.75, 5.15 என்று ஏறி 7.25க்கு வந்து நின்றது. சர்வரின் கூலியோ 2.13இலேயே நிற்கிறது. 1991க்குப் பிறகு விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

டிப்ஸும் 2.13 டாலரும் சேர்ந்து 7.25ஐ எட்டாவிட்டால் குறையை முதலாளியே நிரப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே, அப்படியிருக்க யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு நாள்தோறும் பார்க்கப்படுவதில்லை, வாரக் கணக்காகவே பார்க்கப்படுகிறது. செவ்வாய்க்கிழமை மழையில் ஒருவரும் வராமல் வெறுங்கையோடு நின்ற எட்டு மணி நேரத்தின் குறையை, சனிக்கிழமை இரவு அவள் ஓடி ஓடிச் சம்பாதித்த மிகுதியே நிரப்பிவிடுகிறது. வியாபாரத்தின் மந்தத்தைத் தாங்க வேண்டியவர் முதலாளி என்பது உலக வழக்கு. இங்கே அதைத் தாங்குகிறவர் கூலிக்காரர். அப்படியும் குறை விழுந்தால், மணிக் கணக்கை மேலாளரிடம் எடுத்துக்கொண்டு போய் வழக்காட வேண்டியவளும் அவளே. நல்ல மேசைகளையும் நல்ல நாட்களையும் ஒதுக்கித் தருகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவரிடமே போய் அவள் வாதாட வேண்டும். தொழிலாளர் இலாகா 2010 முதல் 2012 வரை ஏறக்குறைய 9,000 உணவகங்களைச் சோதித்தபோது, அவற்றில் நூற்றுக்கு 84இல் கூலிச் சட்டம் ஏதோ ஒரு வகையில் மீறப்பட்டிருந்தது.

நல்ல சேவைக்கு நல்ல இனாம், மோசமான சேவைக்குச் சொற்பம், இதைவிட நியாயமான தராசு வேறு உண்டா என்பது அடுத்த வாதம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் இந்த விஷயத்தை ஆராய்வதிலேயே பல்லாண்டுகளைச் செலவிட்டவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்பதே அவர் கண்டது. மேசையருகே குந்தி உட்கார்ந்து வாடிக்கையாளரின் கண்மட்டத்துக்கு இறங்கிப் பேசுவது, தோளை லேசாகத் தொடுவது, பில்லின் பின்புறம் சிரிக்கும் முகம் ஒன்றை வரைந்து வைப்பது, ஒரு மிட்டாயைக் கூட வைப்பது, இவையெல்லாம் சாப்பாட்டின் சூட்டையோ பரிமாறிய பக்குவத்தையோ ஒரு இம்மியும் மாற்றாதவை; ஆனால் டிப்ஸை மாற்றுகின்றன. சிப்பந்தியின் தோல் நிறமும் மாற்றுகிறது என்று அவருடைய ஆய்வுகளில் ஒன்று காட்டியிருக்கிறது. டிப்ஸ் வாங்கும் தொழிலாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். தன் வாடகைப் பணம் எதிரே உட்கார்ந்திருப்பவன் பையில் இருக்கும்போது, அவன் அத்துமீறிப் பேசினாலும் சிரித்து மழுப்பத்தான் வேண்டியிருக்கிறது. கொரோனாக் காலத்தில், முகம் பார்த்து டிப்ஸ் கொடுக்க வேண்டும், முகக்கவசத்தைக் கழற்று என்று கேட்ட கனவான்களைப் பற்றியும் அப்பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டை எதிர்த்து இன்று நடக்கும் இயக்கத்தின் முகமாக விளங்குபவர், இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த வழக்கறிஞர் சாரு ஜெயராமன். நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்து வடக்குக் கோபுர உச்சியில் 'விண்டோஸ் ஆன் தி வேர்ல்ட்' என்ற உணவகம் இருந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று அதன் ஊழியர்கள் 70க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். எஞ்சியவர்கள் வேலையிழந்து நின்றபோது, அங்கே பரிசாரகராக இருந்த ஃபெக்காக் மம்தூவும் ஜெயராமனும் சேர்ந்து அவர்களைத் திரட்டினார்கள். அந்தத் திரட்சியின் வழித்தோன்றலே 'ஒன் ஃபேர் வேஜ்' இயக்கம். அது கேட்பது எளிமையானது: முழுக் கூலியை முதலாளி கொடுக்கட்டும், டிப்ஸ் அதன்மேல் வரட்டும்.

இத்தனையும் படித்தவர், சர்வர்கள் யாவரும் அந்தக் கொடியின்கீழ் அணிவகுத்து நிற்பார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடந்தது வேறு. மெய்ன் மாநில வாக்காளர்கள் 2016இல் முழுக் கூலியை ஆதரித்து வாக்களித்தார்கள். மறு ஆண்டே சர்வர்கள் பலர் மாநிலத் தலைநகரத்துக்குப் படையெடுத்துப் போய்ப் பழைய முறையைத் திருப்பித் தரும்படி கேட்க, சட்டசபை திருப்பித் தந்தது. தலைநகர் வாஷிங்டனில் 2018இல் மக்கள் வாக்களித்ததை நகரசபை அதே ஆண்டு ரத்து செய்தது; 2022இல் நான்கில் மூன்று பங்கினர் மறுபடி வாக்களித்து நிறைவேற்றினார்கள்; படிப்படியாக மணிக்கு 10 டாலர் வரை உயர்ந்த நிலையில், 2025 கோடையில் நகரசபை குறுக்கிட்டு, முழுக் கூலி என்பதை விட்டு, 2034க்குள் அதில் 75 சதவீதம் என்று முடித்தது. மாஸசூஸெட்ஸில் 2024 நவம்பரில் இதே கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தபோது ஏறக்குறைய 64 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள்.

இதை முதலாளிகளின் பணபலம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுவது, உழைப்பவரின் புத்தியைக் குறைத்து மதிப்பதாகும். பாஸ்டனிலோ வாஷிங்டனிலோ பேர்பெற்ற உணவகத்தில் வெள்ளி, சனி இரவுகளில் பரிமாறுபவர் டிப்ஸ் சேர்த்து மணிக்கு 30, 40 டாலரோடு வீடு திரும்புகிறார். குறைந்தபட்சக் கூலி என்ற பேச்சே அவருக்குத் தம்மைக் கீழே இழுக்கும் பேச்சாகத் தொனிக்கிறது. கூலி ஏறினால் பண்டங்களின் விலை ஏறும், விலை ஏறினால் கோட்டின்மேல் எழுதும் எண் சுருங்கும் என்று அவர் கணக்கிடுகிறார். வாஷிங்டன் நகரில் அந்த அச்சத்துக்கு முதலாளிகளே எண்ணெய் வார்த்தார்கள்: பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி முளைத்தது; அது யாருக்குப் போகிறது என்று தெரியாத விருந்தாளி, அதையே டிப்ஸாக எண்ணிக்கொண்டு கோட்டை வெறுமையாக விட்டுவிட்டுப் போனார். பொருளாதார நிபுணர்களும் ஒரே குரலில் பேசவில்லை. ஈவன், மக்ஃபர்சன் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கூலி ஏறினால் வேலையில் இருப்பவரின் வருமானம் கூடுகிறது, வேலைகளின் எண்ணிக்கை குறைகிறது என்றார்கள். வேலை இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று என்று கண்டவர்களும் உளர்.

ஆய்வைக் காட்டிலும் பிரத்தியட்சம் பலமானது என்பது என் அபிப்பிராயம். கலிபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன், நெவாடா, அலாஸ்கா, மான்டானா, மினஸோட்டா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் முறை நெடுங்காலமாகவே கிடையாது. சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் வேகாஸிலும் உணவகங்கள் அழிந்துபோய்விடவில்லை. டிப்ஸ் விகிதம் கலிபோர்னியாவில் பிற இடங்களைவிடச் சற்றுக் குறைவு என்பது மெய்தான், ஆனால் அது அற்றுப்போகவும் இல்லை. ஒரு காலத்தில் டிப்ஸையே குற்றமாக்கிய அந்த வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரம் 2025 ஜனவரி முதல் சிறு முதலாளிகளுக்கும் சலுகையை நிறுத்தி, எல்லோருக்கும் மணிக்கு 20.76 டாலர் என்று விதித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மழையை நினைத்து நெவாடாக்காரி அஞ்சுகிற அளவும் ஜார்ஜியாக்காரி அஞ்சுகிற அளவும் ஒன்றல்ல.

ஆனால் மாஸசூஸெட்ஸ் சர்வர்களின் எதிர்ப்பில் வெளிப்படையாகப் பேசப்படாத காரணம் ஒன்றும் கலந்திருந்தது; விஷயத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறதென்று தோன்றுகிறது. சமையற்கட்டில் கொதிக்கும் எண்ணெய்க்கு முன் நிற்பவரும் பாத்திரம் துலக்குபவரும், பெரும்பாலும் மெக்ஸிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள், மணிக் கூலியோடு வீட்டுக்குப் போகிறவர்கள். முன்கூடத்தில் ஓடும் டிப்ஸ் கதவு தாண்டி அவர்களிடம் வருவதில்லை. டிப்ஸைச் சமையல்காரரோடும் பங்கிடலாம் என்று 2018ஆம் ஆண்டு மத்திய சட்டம் அனுமதித்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: பரிமாறுபவருக்கு முழுக் கூலியும் கொடுத்திருக்க வேண்டும். மாஸசூஸெட்ஸ் மசோதாவிலும் அதே கதவு திறந்திருந்தது. ஆக, முழுக் கூலி என்பது சர்வருக்கு உயர்வு மட்டுமன்று. சமையல்காரர் பங்கு கேட்பதற்குரிய வாயிலும் அதுவே. உள்ளே வியர்வையில் நனைகிறவனுக்குப் பங்கு கொடுக்க முன்கூடத்தில் இருப்பவர் தயங்குவது மனித இயல்பு. பழைய முறையை நியாயமாக்கிவிட அது போதாது.

நியூயார்க்கின் புகழ்பெற்ற உணவக முதலாளி டானி மேயர் 2015இல் தம் உணவகங்களில் டிப்ஸையே எடுத்துவிட்டுப் பண்டங்களின் விலையை உயர்த்தி, அந்த வருவாயில் சமையல்காரரின் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தார். பக்கத்துத் தெருவில் டிப்ஸ் வாங்கும் கடைகள் இருக்கும்போது நல்ல சர்வர்கள் எதற்காகத் தங்குவார்கள்? ஏற்றிய விலையைக் கண்ட விருந்தாளியும் முகம் சுளித்தார். 2020 ஜூலையில் மேயர் பழைய முறைக்கே திரும்பினார். டிப்ஸை ஒழிக்க முடியாது என்பதற்கு இதைச் சாட்சியாகக் கூறுவோர் உண்டு. தனி ஒருவர் நல்லெண்ணத்தால் செய்தால் அவரே நஷ்டப்படுகிற காரியத்தை, எல்லோரும் ஒருசேரச் செய்யும்படி சட்டந்தான் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. பிரிட்டனில் 2009 அக்டோபர் முதல் டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலியில் சேர்த்துக் கணக்கிடக் கூடாது; 2024 அக்டோபர் முதல் அதிலிருந்து முதலாளி எடுத்துக்கொள்ளவும் கூடாது. லண்டன்வாசிகள் உணவகத்துக்குப் போவதை நிறுத்திவிடவில்லை.

அமெரிக்க அரசியல்வாதிகள் இப்போது கண்டுபிடித்திருக்கும் மருந்து வேறு. டிப்ஸுக்கு வரி இல்லை என்று 2024 ஜூனில் லாஸ் வேகாஸ் கூட்டத்தில் டிரம்ப் வாக்குறுதி அளித்தார். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸுக்கு வருமான வரிக் கழிவு தருகிறது. டிப்ஸ் வாங்குகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வருமான வரி கட்டும் அளவுக்கே சம்பாதிப்பதில்லை என்று யேல் பல்கலைக்கழகத்தின் வரவுசெலவு ஆய்வுக்கூடம் கணித்திருக்கிறது. அவர்களுக்கு இதனால் வருவது ஒன்றுமில்லை. சமூகப் பாதுகாப்பு வரி முன்போலவே பிடிக்கப்படும். சமையற்கட்டில் இருப்பவர் ஈட்டுவது கூலி ஆதலால், முன்கூடத்தில் இருப்பவர் ஈட்டும் அதே தொகைக்கு அவர் வழக்கம்போல் வரி கட்டுவார். கழிவு 2028 முடிய நீடிக்கும். அதுவரை, கூலியை உயர்த்துங்கள் என்று கேட்டு நிற்கும் சர்வரிடம், டிப்ஸ்தான் வரியில்லாமல் வருகிறதே, இன்னும் என்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்க முதலாளிக்குச் சௌகரியமாக ஒரு பதில் கிடைத்திருக்கிறது.